எண்ணெயா, துருவா

மும்பை இந்திரா டாக்கில் நின்ற கப்பல் ஒன்றில், அடித்தளத்தில் சேரும் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பில்ஜ் செபரேட்டரையும், அதிலிருந்து வெளிவரும் நீரில் எண்ணெயை அளக்கும் மானிட்டரையும் சோதித்துவிட்டு, "மானிட்டர் சரியாக இயங்குகிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அதில் பொய் இல்லை; ஆனாலும் அந்த வரி மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உள்ளே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எண்ணெய்ப் படலம் கீழ் ப்ரோப் (எண்ணெயா நீரா என்று உணரும் முனை) வரை இறங்கியதும் பிரித்தல் நின்று, எண்ணெய் வால்வு திறந்து, உட்புகுந்த சுத்த நீர் எண்ணெயைக் கழிவெண்ணெய் சேரும் ஸ்லட்ஜ் டேங்குக்குத் தள்ளியது. நீர் மேல் ப்ரோபைத் தொட்டதும் பிரித்தல் தானே தொடர்ந்தது. வெளிவழியில்தான் சிக்கல். மானிட்டர் காட்டிய எண்ணெய் அளவு 15 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 15 பங்கு) கீழே இறங்காததால், மூவழி வால்வு நீரைக் கடலுக்கு விடாமல் பில்ஜ் டேங்குக்கே திருப்பிக்கொண்டிருந்தது. குடுவையில் பிடித்துப் பார்த்தால் மேலே படலம் இல்லை, அடியில் செம்பழுப்புத் தூள் படிந்தது. மானிட்டருக்குள் ஒளிச்சிதறலை அளக்கும் செல், துரு போன்ற நுண்துகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மிஞ்சினால் அதையும் எண்ணெயாகவே கணக்கிடும்.

"தம்பி, துருதான்னு நீங்களே பாத்தீங்க. அதை எழுதிக் கொடுங்க. செபரேட்டரை ஓட்டத் தெரியலைன்னு ஆபீஸ்ல என்னைத்தான் கேக்குறாங்க" என்றார் தூத்துக்குடிக்காரரான செகண்ட் இன்ஜினியர். செல்லுக்கு நல்ல தண்ணீரைக் காட்டி அளவைக் குறைக்கச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி எதையும் கேட்கவில்லை.

"கண்ணால பார்த்ததை முடிவா எழுத முடியாது சார்" என்றேன். இன்ஜின் ரூமைக் கழுவும் சோப்பு கலந்தால் எண்ணெய் படலமாக மிதக்காமல் நீரோடு கரைந்தாற்போல் நிற்கும். ஆய்வகம் பார்க்காமல் குடுவையை நம்ப முடியாது. "துருதான்" என்று நான் எழுதினால், அடுத்து வருபவர் மானிட்டரை ஒதுக்குவதற்கு அதையே சான்றாகக் காட்டக்கூடும். துகள் படிந்ததையும், டேங்கைச் சுத்தம் செய்து, நுண் எண்ணெய்த் துளிகளை ஒன்றுசேர்க்கும் கோலசரை மாற்ற வேண்டும் என்பதையும் பரிந்துரையில் எழுதத்தான் செய்தேன். ஆனால் ஆபீசில் படிப்பது முடிவு வரியை மட்டுமே. மானிட்டரின் 18 மாதப் பதிவிலும் அலாரம் அடித்த நேரம் இருக்கும். தண்ணீரின் நிறம் இருக்காது.

கருவி தவறாகக் கணித்தாலும் நீர் டேங்குக்குத்தான் திரும்புகிறது, கடலுக்குள் போவதில்லை. அந்தப் பக்கம் சாயும் பிழையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் நேர்மையாக ஓட்டிய செகண்ட், நிரம்பிக்கொண்டே வரும் டேங்குக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.