மணி கேட்காத மோடம்

17 ஏப்ரல் 2001
கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் ஃபேக்ஸ் மோடம் இன்றும் அழைப்பை எடுக்கவில்லை. மணி அடித்து அடித்துத் தானே ஓய்ந்தது.

18 ஏப்ரல்
ஏரிக்கரை எஸ்.டி.டி. பூத்காரரிடம் சொல்லி மூன்று முறை அழைக்கச் செய்தேன். மூன்று முறையும் தொலைபேசி அடித்தது, மோடம் அசையவில்லை. இங்கிருந்து அனுப்பும் ஃபேக்ஸ் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. இணைய இணைப்பும் கிடைக்கிறது. வருகிற அழைப்பு மட்டும்தான் அதன் காதில் விழவில்லை. எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டும் என்பதை மோடத்தின் நினைவில் எஸ்0 என்னும் ரெஜிஸ்டர் வைத்திருக்கும். மோடத்துக்குக் கட்டளையிடும் டெர்மினல் நிரலில் அதைக் கேட்டபோது 000 என்று பதில் வந்தது. சுழியம் என்றால் மோடம் தானாக எடுக்காது. 2 என்று மாற்றிச் சேமித்ததும் முகப்பில், தானாக எடுக்கும் என்று காட்டும் ஏ.ஏ. விளக்கு எரிந்தது. கோளாறு இதுதான் என்று நம்பி அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

19 ஏப்ரல்
விளக்கு எரிகிறது. அழைப்பை எடுக்கவில்லை. அம்மா இரவு முழுவதும் இருமிக்கொண்டிருந்தார்.

20 ஏப்ரல்
மணி வரும் ஒவ்வொரு முறையும் ‘ரிங்’ என்ற சொல்லை மோடம் கணினிக்கு அனுப்ப வேண்டும். பூத்காரர் அழைக்க, நான் டெர்மினலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. அப்படியானால் எஸ்0-இல் எந்த எண்ணை வைத்தும் பயனில்லை, ஏனெனில் எண்ணுவதற்கு மணியே அதனிடம் போய்ச் சேரவில்லை.

ஒரே லைனில் மூன்று கருவிகள் தொங்குவதால் மணியின் வலு பங்காகிக் குறைந்திருக்குமோ என்று எண்ணி, கூடத்துத் தொலைபேசியையும் அம்மாவின் கட்டிலருகே இருப்பதையும் கழற்றினேன். “அதையும் எடுத்துட்டா நான் யாரைக் கூப்பிடறது கண்ணு?” என்று கேட்டார். மாலையில் மாட்டித் தருவதாகச் சொன்னேன். கழற்றியும் பலனில்லை. பிறகு மல்டிமீட்டரை மோடத்திற்கு வரும் கம்பியிலேயே வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கையில் டி.சி. 48 வோல்ட், மணி அடிக்கும்போது ஏ.சி. 70 வோல்ட்டுக்கு மேல் முள் துள்ளியது. மணி மோடத்தின் வாசல்வரை வருகிறது. லைனில் குறையில்லை.

கட்டிலருகே தொலைபேசியைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

21 ஏப்ரல்
மழை, இடி. எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அம்மாவின் பரிசோதனை முடிவை அவர்கள் அனுப்பியிருந்தால்?

22 ஏப்ரல்
ஞாயிற்றுக்கிழமை, இன்று அனுப்பமாட்டார்கள். ஆகவே துணிந்து மோடத்தைத் திறந்தேன். தொலைபேசிக் கம்பி நுழையும் இடத்தை ஒட்டி ஒரு மஞ்சள் கண்டென்சர், அதற்குப் பின்னால் அரிசியளவு ரெசிஸ்டர், அதற்குப் பின்னால் ஆறு கால்கள் கொண்ட வெள்ளை ஆப்டோகப்ளர். கண்டென்சர் டி.சி.யைத் தடுத்து மணியின் ஏ.சி.யை மட்டும் உள்ளே விடும். அதைக் கண்டு ஆப்டோகப்ளர் ஒளிவழியே மோடத்துக்குச் செய்தி சொல்லும். ரெசிஸ்டரின் நிறவளையங்கள் கருகி ஒன்றோடொன்று கலந்திருந்தன; அதன் அடியில் பலகையில் தேயிலைக் கறைபோல் ஒரு பழுப்புத் தடம். பெரிய வெள்ளியன்று மாலை இடித்த இடியாகத்தான் இருக்க வேண்டும். பேசுவதற்கான சுற்றுவழி வேறு, அதனால் அது தப்பித்திருக்கிறது. ஏற்காட்டில் எட்டாண்டுகளாக இருந்தும் மேகம் கறுத்தவுடன் கம்பியைப் பிடுங்கும் பழக்கத்தை நான் கொள்ளவில்லை. இது முழுக்க என் தவறு.

23 ஏப்ரல்
ஒரு வழி இருக்கிறது. மணியை மோடம் கேட்காவிட்டாலும், மணி அடிக்கும்போது நான் ஏ.டி.ஏ. என்று கட்டளையிட்டால் அது லைனை எடுத்துவிடும். ஃபேக்ஸ் மென்பொருளில் அதற்கே ‘இப்போது எடு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அனுப்பும் கருவி சுமார் 35 வினாடிகள்தான் பதிலுக்குக் காத்திருக்கும். அதற்குள் நான் கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

பூத்காரர் தம் கருவியிலிருந்து அனுப்பிய ஒரு வெற்றுத்தாள் முழுமையாக வந்து சேர்ந்தது.

24 ஏப்ரல்
அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டு ஓடினேன். ரிசீவரை எடுத்துக் கேட்டேன். அனுப்பும் ஃபேக்ஸ் கருவி மூன்று வினாடி இடைவெளி விட்டு எழுப்பும் அந்த 1100 ஹெர்ட்ஸ் கூவல், ஒரே ஒருமுறை. நான் பொத்தானை அழுத்துவதற்குள் லைன் அறுந்தது. மறுபடி முயல்வார்கள் என்று மாலைவரை நாற்காலியைவிட்டு எழவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டதை வேலைக்கு வரும் பெண்தான் வந்து சொன்னாள்.

பூத்துக்கே அனுப்பச் சொல்லலாமே என்று சேலத்திலிருந்து தம்பி கேட்கிறான். பூத்காரர் நல்ல மனிதர், ஆயினும் அந்தத் தாளில் இருப்பதை எனக்கு முன்னால் வேறொருவர் படிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்தவர் முகத்தைப் பார்த்து விடையை அறிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

25 ஏப்ரல்
தம்பி நாளை முதல் பேருந்தில் தன் மோடத்தைக் கொண்டுவருகிறான். கட்டிலைக் கணினி இருக்கும் அறைக்கே நகர்த்திவிட்டோம். திரையின் வெளிச்சம் அம்மாவின் கண்ணில் படாதபடி ஒரு துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

26 ஏப்ரல்
காலை 10.40. தம்பி வருவதற்கு முன்பே மணி அடித்தது. இரண்டாம் மணிக்குள் பொத்தானை அழுத்திவிட்டேன். மோடம் நீளமாக ஊதியது, மறுமுனை பதில் சொன்னது, வேகம் 9600 என்று திரை காட்டியது. மொத்தம் எத்தனை பக்கங்கள் என்று தெரியவில்லை. முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரும் வயதும் மட்டும் இருக்கின்றன. இரண்டாவது பக்கம் வந்துகொண்டிருக்கிறது. அம்மா விழித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.