காணியைக் காக்க ஒரு துவக்கு

மெல்பேர்ணில் பல வருடம் வாடகை வீடுகளில் இருந்த பிறகு, விக்டோரியாவின் மேற்குப் பக்கத்தில், கொலாக்கைத் தாண்டி ஒரு சிறிய காணி வாங்கினோம். பழைய எரிமலைக் குழம்பு இறுகிக் கிடக்கும் கருங்கல் நிலம். கொஞ்சம் செம்மறி, கோழிக்கூடு, ஒரு நாய், மரக்கறித் தோட்டம். வன்னியில் கமம் செய்த குடும்பத்தில் பிறந்த எனக்கு மண்வேலை புதிதில்லை. புதிதாக இருந்தவை குளிரும் முயலும்தான்.

கீரையும் போஞ்சியும் ஒரே இரவில் தண்டோடு போய்விடும். மரக்கன்றின் பட்டையை முயல் சுற்றிவரக் கடித்துவிட்டால் கன்று பட்டுவிடும். புல்லை அடியோடு கொறித்து நிலத்தை வெறுமையாக்கும்; அடுத்த மழைக்கு மண் கரைந்து ஓடும். இந்த அழிவு தொடங்கிய இடம் எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. 1859இல் தோமஸ் ஒஸ்டின் என்ற பணக்காரர், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த முயல்களை வின்செல்சிக்கு அருகே தன் பார்வன் பார்க் நிலத்தில் வேட்டைக்காக அவிழ்த்துவிட்டார். கொலாக்குக்கும் கம்பர்டவுனுக்கும் இடையில் முயலை மறிக்க அந்தக் காலத்தில் சாந்து பூசாமல் அடுக்கிய கல்மதில்கள் இன்றும் நிற்கின்றன. நரியும் அதே நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காகக் கப்பலேறி வந்ததுதான். குளிர்காலத்தில் செம்மறி குட்டி போடும் நாட்களில் அது வேலியோரம் வந்து காத்திருக்கும்.

1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, தன் நிலத்தில் முயலையும் நரியையும் கட்டுப்படுத்த வேண்டியது காணிக்காரரின் கடமை. நாங்கள் சும்மா இருந்தால் பக்கத்துக் காணிக்காரரும் சேர்ந்து நட்டப்படுவார். அவர் எழுபது வயதைத் தாண்டிய கமக்காரர். வேலியில் கை ஊன்றிக்கொண்டு ஒருநாள் கேட்டார்: "உன்னிடம் ரைபிள் இல்லையா?"

அதை வீட்டில் சொன்னபோது மனுசி கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டாள். "இஞ்சருங்கோ, வீட்டுக்குள்ள துவக்கே?" என்று மட்டும்தான் கேட்டாள். எனக்கு விளங்கியது. வேறு எதுவும் அவள் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடிகளையும் இடப்பெயர்வுகளையும் கடந்து வந்த எங்கள் ஆட்களுக்குத் துவக்கு ஒரு பொருளாக மட்டும் இருந்ததில்லை. அதற்கும் முந்திய ஒரு நினைவும் எனக்கு இருக்கிறது. வயலில் பன்றி விழுந்தால் தாத்தா பரணில் காவல் இருப்பார், பக்கத்தில் இடியன் துவக்கு சாத்தியிருக்கும். அது கமத்துச் சாமான்களில் ஒன்று. அந்தப் பழைய இடத்துக்கு அதைத் திரும்பக் கொண்டுபோக முடியுமா என்று இருவரும் நிறைய நாள் கதைத்தோம். இதே கேள்வியோடு நாட்டுப்புறத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது கூடிவிட்டன. அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, துவக்கால் முயல் குறையாது. ஒரு சோடி முயல் ஒரே பருவத்தில் ஈனும் குட்டிகளை எந்தச் சூட்டுக்காரரும் சுட்டு முடிக்க மாட்டார். 1950இல் பரப்பிய மிக்சொமடோசிஸ் நோயும், 1996 முதல் பரப்பிய கலிசி வைரசும்தான் நாடு முழுக்க எண்ணிக்கையைக் குறைத்தன. தனிக் காணியில் வேலை செய்வது வளையை உழுது இடிப்பது, முட்பற்றைகளை அகற்றுவது, தோட்டத்தைச் சுற்றி நாலு சென்ரிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை அடித்து அதன் அடியை வெளிப்பக்கமாக மடித்துப் பரப்புவது. நரிக்கு இரவில் பூட்டும் கோழிக்கூடும் மின்வேலியும் உதவும். காவல் நாயும் உதவும். வார்னம்பூல் கரையோரம் மிடில் ஐலண்ட் என்ற குட்டித்தீவில், நரிக்கு இரையாகி அழியும் நிலைக்கு வந்த பென்குயின்களை 2006 முதல் மரெம்மா நாய்களை விட்டுக் காத்தார்கள். 1080 என்ற நஞ்சு கலந்த இரை பெரிய பண்ணைகளுக்கு ஏற்றது. வைக்க அனுமதி வேண்டும், நாய் தின்றால் பிழைப்பது அரிது. வீட்டு நாய் ஓடித்திரியும் சிறு காணியில் நான் அதைத் தொடமாட்டேன். இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் துவக்கு. வளை இடித்த பின் தப்பி நிற்கும் முயல், கூட்டைப் பழகிவிட்ட நரி, இவைதான் அதன் வேலை.

சட்டம் கடுமையானது, எனக்கு அது நிம்மதி. 1996 ஏப்ரலில் தஸ்மேனியாவின் போர்ட் ஆதரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகுதான் நாடு முழுக்கத் துவக்குச் சட்டம் மாறியது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள்கள் சாதாரண ஆட்களுக்குக் கிடைக்காது. லைசன்ஸ் எடுக்க உண்மையான காரணம் காட்ட வேண்டும். கமத்தொழில், வேட்டை, இலக்குச் சூடு போன்றவை ஏற்கப்படும்; தற்பாதுகாப்பு ஏற்கப்படாது. பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொரு துவக்கும் வாங்கத் தனி அனுமதி, முதலாவதுக்கு 28 நாள் காத்திருப்பு. காற்றுத் துவக்குக்கும் லைசன்ஸ் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும், மாறிக்கொண்டும் இருக்கும். ஆகவே அந்தந்த மாநிலப் பொலிசின் பதிவுப் பிரிவில் நேரே கேளுங்கள், ஆட்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். கங்காரு, உள்ளூர்ப் பறவைகள் போன்றவை பாதுகாக்கப்பட்டவை. பயிரைத் தின்றாலும் தனி அனுமதி இல்லாமல் சுடக்கூடாது.

சரி, எந்தத் துவக்கு?

கடைக்குப் போனால் சுவர் நிறைய இருக்கும். பெரிய ரைபிள் ஒன்று இருந்தால் எல்லாத்துக்கும் ஆகும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நான் அதை முழுமையாக மறுக்கிறேன். மூன்று கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள்: எந்த விலங்கு, எவ்வளவு தூரம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது. மூன்றாவதுதான் சிறு காணிக்காரருக்கு முக்கியம். சிறிய .22 தோட்டாவே (இந்த எண்கள் தோட்டாவின் பருமனை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை) குறி தப்பினால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகும். மருந்து கூடிய .223 பல கிலோமீற்றர் போகும். எங்கள் பக்கத்து நிலம் தட்டை. தோட்டாவை விழுங்க மேடு இல்லாத இடத்தில் விலங்கு நின்றால், அது எவ்வளவு கிட்ட நின்றாலும் சுடக்கூடாது. அதனால் துவக்கு வாங்குவதற்கு முன்பே காணியைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் நின்று எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் ஒருபோதும் சுடக்கூடாது என்று ஒரு தாளில் வரைந்தேன். அணைக்கட்டின் மண்மேடு, பள்ளத்துக்கு மேலிருந்து கீழ்நோக்கிச் சுடக்கூடிய இரண்டொரு இடம், அவ்வளவுதான் தேறியது.

முயலுக்கு .22 லோங் ரைபிள், கையால் போல்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. சத்தம் குறைவு, உதைப்பு இல்லை, தோட்டா மலிவு. மலிவு என்பதால் நிறையப் பழகலாம். ஐம்பது மீற்றருக்குக் குறி சரிசெய்து வைத்தால், நூறு மீற்றரில் தோட்டா பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் கீழே இறங்கிவிடும். ஆகவே எழுபது மீற்றரைத் தாண்டி நான் சுடுவதில்லை. ஒலியின் வேகத்துக்குக் குறைந்த தோட்டா போட்டால் மற்ற முயல்கள் கலைவதும் குறைவு. அதன் குறை, கல்லில் பட்டால் தெறித்துத் திசை மாறுவது. கருங்கல் கொட்டிக் கிடக்கும் எங்கள் நிலத்தில் இது சின்ன விசயம் இல்லை. இந்தக் காரணத்துக்காகவே இங்கே சிலர் .17 எச்.எம்.ஆர் வைத்திருக்கிறார்கள். அதன் மெல்லிய சன்னம் வேகமாகப் போய் பட்ட இடத்தில் சிதறிவிடும், தெறிப்பு குறைவு. நூறு மீற்றர் தாண்டியும் நேராகப் போகும். ஆனால் காற்று அடித்தால் விலகும், இந்தச் சமவெளியில் காற்று ஓய்வதே இல்லை. முயல் இறைச்சி சமைப்பவர்களுக்கும் அது சரிவராது, தலையில் படாவிட்டால் இறைச்சி பாழ். இரண்டையும் இரவல் வாங்கித் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு .22ஐயே எடுத்தேன். கல் நிறைந்த பக்கங்களை அந்தத் தாளிலேயே அடித்துவிட்டேன்.

நரிக்கு .22 போதாது என்பது என் உறுதியான எண்ணம். மிகக் கிட்டத்தில், தலையில் சரியாகப் பட்டால் சாகும். இல்லாவிட்டால் காயத்தோடு ஓடி, பற்றைக்குள் கிடந்து நாட்கணக்கில் வதைபட்டுச் சாகும். நாங்கள் கொல்லப்போகும் உயிருக்கு அந்த வதையைக் கொடுக்க உரிமை இல்லை. வெட்டவெளியும் நல்ல மண்மேடும் உள்ளவர்களுக்கு .223 ரெமிங்டன்தான் பொருத்தம். இருநூறு மீற்றர் வரை நேராகப் போகும், நரி அந்த இடத்திலேயே விழும், தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். பக்கத்தில் வீடுகளும் ரோட்டும் உள்ள சிறு காணிக்கு நான் ஒரே சூட்டில் நிறையச் சிறு சன்னங்களை வீசும் 12 போர் இரட்டைக்குழல் துவக்கைச் சொல்வேன். முப்பது, முப்பத்தைந்து மீற்றருக்குள் மட்டும்தான் அதற்கு வேலை. ஆனால் அதன் சன்னங்கள் சில நூறு மீற்றரில் விழுந்துவிடும், ரைபிள் தோட்டாபோலக் கிலோமீற்றர் கணக்கில் போகாது. நரியை அவ்வளவு கிட்ட எடுப்பதற்குத்தான் விசில். வேதனைப்படும் முயலின் குரலை அது எழுப்பும், காற்றுக்கு எதிர்ப்பக்கம் அசையாமல் இருந்தால் நரி தேடிக்கொண்டு வரும். எங்கள் வீட்டின் இரண்டாவது துவக்கு இந்த இரட்டைக்குழல்தான்.

துவக்கின் பெயரைவிட அது உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது முக்கியம். தோளில் ஏற்றினால் கண் தானாகக் குறிக்கு நேரே வர வேண்டும். இங்கே விற்கும் துவக்குகளில் தோளில் முட்டும் கட்டை நம்மில் பலருக்குக் கொஞ்சம் நீளம். கடையில் கூச்சப்படாமல் பல தடவை ஏற்றிப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் உள்ள லித்கோவில் செய்த ரைபிள்களும் இருக்கின்றன, செக் நாட்டுப் பழைய புர்னோ ரைபிள்களை இன்னும் பொன்போலக் காக்கும் கமக்காரர்களும் இருக்கிறார்கள். பழையது வாங்கினால் குழலின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தொலைநோக்கிக் குறியில் பெருக்கம் கூடியதைத் தேடவேண்டாம், மங்கல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவதைத் தேடுங்கள். நரி வருவது பொழுதுபட்ட பிறகுதான்.

அந்த நேரத்தில்தான் ஆபத்தும் கூடுதல். லைட் அடித்தால் தெரிவது இரண்டு கண்கள். செம்மறிக்கும் கண் மினுங்கும், நாய்க்கும் மினுங்கும், கங்காருவுக்கும் மினுங்கும். உடம்பு முழுவதும் தெரிந்து, நரிதான் என்று உறுதியாகும் வரை விரல் விசைக்குள் போகக்கூடாது. இதைப் பழக காணி சரியான இடம் இல்லை. மெல்பேர்ணுக்கும் ஜிலோங்குக்கும் நடுவில், லிட்டில் ரிவரில் ஈகிள் பார்க் என்ற சூட்டுத்தளம் இருக்கிறது. அங்கே வயதானவர்கள் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். படுத்தும் இருந்தும் நின்றும் சுட்டு, எந்தத் தூரத்தில் என் கை நம்பத்தக்கது என்று அறிந்த பிறகுதான் உயிருள்ள ஒன்றைக் குறிவைத்தேன். காதுமூடி இல்லாமல் ஒரு சூடும் வேண்டாம்.

வீட்டில் இரும்புப் பெட்டி சுவரோடும் தரையோடும் போல்ட் அடித்திருக்கிறது. தோட்டாக்கள் வேறொரு பூட்டில். லைசன்ஸ் என்னிடம் மட்டும் இருப்பதால் திறப்பும் என்னிடம் மட்டும்தான். அது இருக்கும் இடம் மனுசிக்கும் தெரியாது, அவளும் அதையே விரும்பினாள். பொலிசார் வந்து பார்வையிடுவார்கள். சுட்டு விழுந்ததை வெளியில் விடுவதில்லை, ஆழமாகப் புதைக்கிறோம். ஈயத் துகள் உள்ள உடலைத் தின்னும் ஆப்புவால் கழுகுக்கு அந்த ஈயம் நஞ்சு.

குயீன்ஸ்லாந்தில் கமம் எடுத்திருக்கும் மச்சான் போன கிழமை தொலைபேசியில், காட்டுப்பன்றிக்கு .223 போதுமா என்று கேட்டான். போதாது, குறைந்தது .243 வேண்டும், பெரிய கடுவனுக்கு .308 நல்லது என்றேன். கூட்டமாக வந்தால் முதலில் பொறிக்கூடு வை, தப்புவதற்குத்தான் ரைபிள் என்றும் சொன்னேன். எந்த ரைபிள் வாங்குவது என்று பெயர் கேட்டான். பன்றி ஆற்றோரப் பற்றைக்குள் நிற்கிறதா வெட்டவெளியில் மேய்கிறதா, அதற்குப் பின்னால் யாருடைய வீடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அது வந்த பிறகுதான் பெயர் சொல்வேன்.