ஃப்ரீசருக்குள் 15-ஆம் நூற்றாண்டு

“ஃப்ரீசர்ல என்ன பொட்டலம் அது?”

“டொமினிகோ வெனிசியானோம்மா.”

“கெட்டுப் போயிடாதா?”

“அவரு 1461-லயே போயிட்டாரு.”

அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். ஐஸ் ட்ரேக்கு இடம் போன கோபம் முழுக்க அந்தச் சாத்தலில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். மேஜை மேல், டொமினிகோ என்கிற பழைய இத்தாலிய ஓவியரின் படத்தில் விரித்து வைத்த ஓவிய வரலாற்றுப் புத்தகம், பக்கத்தில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர், எதிரே அண்ணன் மகள். மேற்கொண்டு என்ன சொல்ல, அவள் கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது.

நாவல் நனைந்தால் கவலையில்லை. காய்ந்து நெளிந்து தடித்துப்போகும், ஆனாலும் படிக்கலாம். ஓவியப் புத்தகத்தின் சங்கதி வேறு. படம் பளிச்சென்று விழ வேண்டும் என்பதற்காக அந்தத் தாளின் இரண்டு பக்கமும் கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணைப் பசை கலந்து பூசியிருப்பார்கள். புத்தகம் அம்மிக்கல் கணக்காகக் கனப்பதும் இதனால்தான். 24-க்கு 30 செ.மீ. பக்கம், மொத்தம் 500 பக்கம், சதுர மீட்டருக்கு 150 கிராம் தாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: அட்டையைச் சேர்க்காமலே 2.7 கிலோ வரும். மல்லாந்து படுத்துப் படிக்கிற ஆசாமிகள் தூங்கி விழும் முன் மூக்கை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பூச்சு தண்ணீர் பட்டால் இளகும். இளகிய பக்கம் எதிர்ப் பக்கத்தோடு சேர்ந்து காய்ந்துவிட்டால் கையில் இருப்பது செங்கல். வலுக்கட்டாயமாகப் பிரித்தால் படம் தாளை விட்டு உரிந்து எதிர்வீட்டுக்குக் குடிபோய்விடும். அதனால் “காயட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிற நம் பரம்பரை வைத்தியம் இதற்கு ஆகாது. ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவில் மெழுகு பூசிய பட்டர் பேப்பர் கொடுக்க வேண்டும். டிஷ்யூ வைத்தால் டிஷ்யூவும் சேர்ந்து ஒட்டும். செய்தித்தாள் வைத்தால் இன்றைய தலைப்புச் செய்தி மாதாவின் நெற்றியில் இறங்கும். ஹேர் டிரையரைத் தொடவே கூடாது. ஃபேன் காற்று போதும்.

நனைந்தது சுமார் நாற்பது பக்கம். வீட்டில் இருந்த பட்டர் பேப்பரோ ஒரு முழம். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் ஃப்ரீசர். பாலிதீன் பையில் சுற்றி உறையவைத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஈரம் பனிக்கட்டியாகி, ஒட்டுகிற வேலை அப்படியே நின்றுபோகும். காய்ந்துவிடாது, சும்மா வாய்தா வாங்குவதுதான். பட்டர் பேப்பர் வந்த பிறகு வெளியே எடுத்து, இளகவிட்டு, ஒரு மடிப்பு ஒரு மடிப்பாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் டம்ளர் கவிழ்ந்தபோது திறந்திருந்த அந்த ஒரு ஜோடிப் பக்கம் மட்டும் வாய்தாவுக்குக் காத்திருக்கவில்லை. புத்தகத்தை யாரோ மூடி, மேலே ஒரு அகராதியையும் வைத்துவிட்டார்கள். அமுக்கி வைத்தால் சரியாகிவிடும் என்கிற நல்லெண்ணம். விடிந்து பார்த்தால் ஒட்டிக் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. இடப் பக்கம் டொமினிகோ வெனிசியானோவின் புனித லூசி பீடப்படம், அதாவது தேவாலயப் பலிபீடத்துக்கென்று வரைந்த படம். வலப் பக்கம் அதே காலத்து ஓவியர் ஆந்த்ரேயா தெல் கஸ்தாஞோ வரைந்த, இயேசு சீடர்களோடு உண்ட கடைசி விருந்து. ஐந்நூறு பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேறு ஜோடியே கிடைக்கவில்லையா!

விஷயம் தெரியாதவர்களுக்காக இல்லை, தெரிந்தவர்கள் இன்னொரு தடவை சிரிக்கட்டும் என்று சொல்கிறேன். ஓவியர் வாழ்க்கை வரலாறுகளுக்கெல்லாம் பெரியப்பாவான வசாரி, 1550-இல் முதல் பதிப்பும் 1568-இல் இன்னும் ஊதிய இரண்டாம் பதிப்பும் போட்டவர். இந்த இருவருக்கும் சேர்த்து ஒரே அத்தியாயம் எழுதியிருக்கிறார். அதில் ஆந்த்ரேயா கொலைகாரர். எண்ணெய் வண்ண ரகசியம் டொமினிகோவுக்குத் தெரியும் என்று பொறாமை. இரவில் வீணை மாதிரியான லூட் வாத்தியத்தோடு போய்க்கொண்டிருந்த நண்பரை ஈயக்கட்டியால் அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல அறைக்குத் திரும்பி வரைய உட்கார்ந்துவிடுகிறார். தகவல் வந்ததும் ஓடிப்போய் “ஐயோ, என் சகோதரா” என்று ஒப்பாரி. டொமினிகோ அவர் கையிலேயே உயிரை விடுகிறார். நம் ஆட்கள் மெகா சீரியலில் இரண்டு வாரம் இழுக்கிற காட்சியை மனிதர் ஒரே பக்கத்தில் முடித்திருக்கிறார்.

அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் ஆவணங்களைக் குடைந்து பார்த்தால், கொலைகாரர் 1457 ஆகஸ்டிலேயே கொள்ளைநோயில் காலி. கொலையுண்டவர் அதற்குப் பிறகும் ஏறக்குறைய நாலு வருஷம் இருந்து, 1461 மே மாதம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். எண்ணெய் ரகசியமும் அவ்வளவுதான். பெயர்பெற்ற அந்த லூசி பீடப்படமே முட்டை மஞ்சள் கரு கலந்த டெம்பராவில் வரைந்தது.

பாவம் ஆந்த்ரேயாவுக்கு அதற்கு முன்பே பெயர் கெட்டிருந்தது. 1440-இல் ஃபுளோரன்ஸை ஆட்டிவைத்த மெடிசி குடும்பத்தின் எதிரிகளைத் தூக்கில் தொங்குவதாகச் சுவரில் வரையச் சொன்னார்கள், வரைந்தார். ஊர் அவருக்கு ‘தூக்கில் தொங்குறவங்க ஆந்த்ரேயா’ என்று பட்டம் கட்டிவிட்டது. அந்தக் காலத்து இத்தாலிக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் ஈவிரக்கமே கிடையாது. போத்திச்செல்லி என்றால் சின்னப் பீப்பாய், குவெர்ச்சினோ என்றால் மாறுகண், தின்தொரெத்தோ என்றால் சாயக்காரர் பிள்ளை. தொம்மாசோ என்ற பெயரில் இரண்டு பேர் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்ததால் ஒருவர் மசோலினோ, மற்றவர் மசாச்சோ. ‘சின்னத் தொம்மாசோ’, ‘அழுக்குத் தொம்மாசோ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இவர்களைக் குழப்பிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

ஓவியர் வாழ்க்கை வரலாற்றை எடுத்தவுடன் முதல் அத்தியாயத்துக்குப் போகக் கூடாது. எழுதியவர் எப்போது பிறந்தார், ஓவியரோடு அவருக்கு என்ன பாக்கி என்று முதலில் பார்க்க வேண்டும். வசாரி பிறந்தது 1511. ஆந்த்ரேயா செத்து 54 வருஷம் கழித்து. கரவாஜியோ என்கிற ஓவியரின் கதை இன்னும் மோசம். அவர் மேல் 1603-இல் அவதூறு வழக்குப் போட்ட பாலியோனே என்கிற ஓவியர்தான் பின்னாளில், 1642-இல், அவருடைய வாழ்க்கையையும் எழுதி வெளியிட்டார். பங்காளி எழுதிய இரங்கல் செய்தி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். அதற்காக எல்லாமே புளுகு என்று தூக்கிப் போடவும் மனசு வராது. பியெரோ தி கோசிமோ என்கிற ஓவியர் பசை காய்ச்சும்போதே அதே அடுப்பில் ஐம்பது முட்டையை வேகவைத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தின்பாராம். விறகு மிச்சம் பண்ணவாம். இதுவும் வசாரி சொன்னதுதான். இதைப் பொய் என்று நிரூபிக்க எந்த ஆவணமும் வராமல் இருக்கக் கடவது.

சரி, ஒட்டிய பக்கத்துக்கு வருவோம். வயிறு எரிவதற்குக் காரணம் இருக்கிறது. லூசி பீடப்படத்தின் நடுப் பலகை ஃபுளோரன்ஸின் உஃபீஸி அருங்காட்சியகத்தில். அடியில் வரிசையாக இருந்த ஐந்து சின்னப் பலகைகளில் இரண்டு வாஷிங்டனில், இரண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒன்று பெர்லினில். நாலு நாட்டுக்கும் விசா எடுத்தாலும் ஆறையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. இந்த இடப் பக்கத்தில் பார்க்கலாம். பார்க்கலாம் என்றா சொன்னேன்? நேற்று வரை பார்க்கலாம்.

அதிலும் அளவைப் பார்த்துத்தான் பார்க்க வேண்டும். படத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் போட்டிருக்கும், முதலில் உயரம், பிறகு அகலம். நடுப் பலகை 209-க்கு 216 செ.மீ. யோவான் பாலைவனத்தில் துணி மாற்றுகிற சின்னப் பலகை சுமார் 28-க்கு 32. புத்தகத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு ஸ்கேலை வைத்துச் சுவரில் 28 செ.மீ. குறித்துப் பார்த்தால்தான், இவ்வளவு மலையையும் வெயிலையும் இந்த மனிதர் எத்தனை சின்ன இடத்தில் அடக்கியிருக்கிறார் என்று உறைக்கும்.

இரண்டு பக்கப் பரப்பில் படம் போடுகிறவர்களிடமும் ஒரு வழக்கு உண்டு. லியனார்தோவின் கடைசி விருந்தில் எல்லாக் கோடுகளும் இயேசுவின் நெற்றிப்பொட்டை நோக்கி ஓடும். படத்துக்கும் அதுதான் நடு. அதைப் புத்தகத்தில் விரித்துப் போட்டால் அந்த நடு நேராகப் பைண்டிங் மடிப்புக்குள் விழுகிறது. பசை வைத்த பைண்டிங் என்றால் விரியவும் விரியாது. பன்னிரண்டு பேரும் ஒரு பள்ளத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டிருப்பார்கள்.

மதியம் மெல்லிய பனை மட்டை மாதிரி ஒரு அட்டையை உள்ளே விட்டு, ஓரத்திலிருந்து நூல் நூலாகப் பிரித்ததில் முக்கால்வாசி தப்பியது. டொமினிகோவின் அந்த இளஞ்சிவப்பில் கட்டைவிரல் அளவு மட்டும் உரிந்து, எதிர்ப் பக்கத்தில் ஆந்த்ரேயாவின் யூதாஸ் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. வண்ணத்தைத் திருடியதற்குக் கண்கண்ட சாட்சி. வசாரி பார்த்திருந்தால் மூன்றாம் பதிப்பே போட்டிருப்பார்.

மற்ற ஈரப் பக்கங்களுக்காகப் புத்தகம் மறுபடி ஃப்ரீசருக்கே போய்விட்டது. சாயங்காலம் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: “இங்க இருந்த பட்டர் பேப்பரை யாரு காலி பண்ணினது?”

டம்ளரைக் கவிழ்த்த மகராசி தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: “வெனிசியானோ தாத்தா.”