முதல் போன் யாருக்குப் போகிறது

உள்ளாட்சியில் தேர்வாகிவரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மதுரை மாநகராட்சி வார்டுகளில் இருந்தும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து நகராட்சி, பேரூராட்சிகளில் இருந்தும் வருவார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வருகைத் தாளைச் சுற்றுக்கு விடுவோம். பெயர், வார்டு எண், செல்போன் எண். அதில் நான் முதலில் பார்ப்பது கடைசிக் கட்டத்தைத்தான். அந்த எண்ணுக்குச் சாயங்காலம் கூப்பிட்டால் பல நேரம் ஆண் குரல்தான் கேட்கும். "சொல்லுங்க மேடம், கவுன்சிலர் வீட்டுக்காரர்தான் பேசுறேன்."

பெண் கவுன்சிலர்களைப் பற்றி டீக்கடையில் இருந்து பத்திரிகை வரை ஒரே பேச்சுதான்: பெயர் அவளுக்கு, பதவி அவனுக்கு. இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தபிறகு எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் கோபம் வருகிறது. நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன், நடக்கிறது. ஆனால் பழி முழுவதும் அந்தப் பெண் தலையில் விழுகிறது. அவள் கையில் பதவி ஏன் நிற்கவில்லை என்று கேட்பவர்கள், அலுவலகத்தில் இருந்து முதல் போன் யாருக்குப் போகிறது என்று கேட்பதில்லை.

ஒரு வார்டில் நடப்பதை அப்படியே சொல்கிறேன். காலையில் ஒரு தெருவில் குடிதண்ணீர்க் குழாய் உடைகிறது. உதவிப் பொறியாளர் கவுன்சிலருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர் போனில் பதிந்திருப்பது கவுன்சிலருடைய கணவரின் எண். கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு போகிறார், குழி எங்கே தோண்டுவது என்று அவரே பேசிவிடுகிறார், ஒப்பந்தக்காரரையும் அவரே பார்த்துவிடுகிறார். கவுன்சிலருக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது விஷயம் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. மூன்று மாதம் இப்படிப் போனால், மன்றக் கூட்டத்தில் அந்தக் குழாயைப் பற்றி யாராவது கேட்கும்போது அவர் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். உண்மைதான், தெரியாது. தெரியவிடாமல் செய்தாகிவிட்டது.

நான் இந்த வேலைக்கு வந்தது 1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு. நகர உள்ளாட்சிகளுக்கான 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது, அதன்படி மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று ஆன முதல் தேர்தல் அது. அப்போது மதுரைக்கு 72 வார்டு. செல்போன் கிடையாது. கூட்ட அறிவிப்பு தபாலில் வரும், இல்லை அலுவலக உதவியாளர் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போவார். வீட்டில் யார் இருந்தாலும் சரி, கையெழுத்து மட்டும் கவுன்சிலருடையதாக இருக்க வேண்டும் என்பதால் தாள் எப்படியும் அவர் கையைத் தொட்டுத்தான் போகும். அது சின்ன விஷயம்தான், ஆனால் அந்தத் தாளைப் பிரித்துப் படித்துப் பழகிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தேர்தலில் வில்லாபுரத்தில் இருந்து வென்றவர்தான் லீலாவதி. மார்க்சிஸ்ட் கட்சி, மாதர் சங்கத்தில் தெருத் தெருவாக வேலை பார்த்தவர். வில்லாபுரத்தில் அப்போது தண்ணீர் என்றால் காசு. குடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வீடுகளுக்கு வர வேண்டும் என்று அவர் போராடினார், வரவும் வைத்தார். தண்ணீர் வந்ததில் யாருடைய வருமானம் போயிற்றோ அவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று, பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அதே வருடம் ஜூன் 30-இல் மேலூர் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் கொன்றார்கள். அங்கே காரணம் சாதி. இரண்டும் வேறு வேறு கதை. ஆனால் எங்கள் வகுப்புக்கு வந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது: இந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தால் உயிர் போகும்.

அந்த வருடம் வகுப்புக்கு வர மறுத்தவர்கள் உண்டு. வந்தவர்களோடு கூடவே அண்ணனோ கணவனோ வந்து வாசலில் நின்றார்கள். அவர்களை வெளியே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்தப் பயம் நியாயமானது. லீலாவதியின் பெயரை இப்போதும் ஒவ்வொரு புது அணிக்கும் நான் சொல்கிறேன். பயமுறுத்துவதற்கு இல்லை. அவருடைய வார்டில் தண்ணீர் எப்போது வரும், யார் வால்வைத் திறக்கிறார்கள், யார் விற்கிறார்கள் என்பது அவருக்கு யார் மூலமாகவும் வரவில்லை, நேராகத் தெரியும். அதனால்தான் அவரை யாராலும் ஏமாற்ற முடியவில்லை.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2006-இல் தேன்மொழி கோபிநாதன் மதுரைக்கு மேயரானார். 2011-இல் நகர எல்லை விரிந்து 100 வார்டு ஆயிற்று. 2016-இல் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்திச் சட்டம் வந்தது. ஆனால் அந்த வருடம் அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. 2022 வரைக்கும் தனி அதிகாரிகள்தான் நகரங்களை நடத்தினார்கள்.

இந்த ஐந்து வருடச் சொச்ச இடைவெளி செய்த கெடுதலைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. கவுன்சிலர் வேலையை ஒருவரைப் பார்த்து இன்னொருவர்தான் கற்றுக்கொள்கிறார்கள். எந்தக் கேள்வியை எந்தக் குழுவில் கேட்பது, தீர்மானப் பொருளை எப்படி ஒத்திவைக்கச் சொல்வது, மதிப்பீட்டில் எந்தப் பத்தியைப் பார்ப்பது, இதெல்லாம் பழைய உறுப்பினர் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லித் தருகிற விஷயம். 2022-இல் வந்த பெண்களில் நிறையப் பேருக்கு அப்படிச் சொல்லித் தர ஒரு மூத்த பெண் இல்லை. அலுவலகத்திலோ கேள்வி கேட்கும் மன்றம் இல்லாமலே வேலை பார்த்துப் பழகியிருந்தார்கள். இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அந்த முறை தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11-இல் மேயர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மதுரையும் அதில் ஒன்று. மார்ச் 2 அன்று கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், 4-ஆம் தேதி, கவுன்சிலர்களே ஓட்டுப் போடும் மறைமுகத் தேர்தலில் இந்திராணி பொன்வசந்த் மேயரானார். மண்டலத் தலைவர் நாற்காலிகளிலும் பெண்கள் வந்து அமர்ந்தார்கள். மாநகராட்சி அலுவலகமான அறிஞர் அண்ணா மாளிகையில் முன்வரிசையில் அத்தனை சேலைகளைப் பார்த்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷப்பட்டு ஒரு மாதம் ஆகவில்லை. ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. மதுரை மாதிரி மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். முடிவு மேலே எடுத்தது, ஆனால் தெருவில் நிற்பது யார்? பதவியேற்று நான்கு வாரம் ஆன பெண். "ஓட்டுக் கேட்டு வந்தப்ப இதச் சொன்னியாம்மா?" என்று வாசலில் நிறுத்திக் கேட்டார்கள்.

அந்த ஏப்ரலில் நாங்கள் வகுப்பை அப்படியே மாற்றினோம். அரசியல் சட்டம், பிரிவு எண் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னோம். பழைய அரையாண்டு வரி எவ்வளவு, வீட்டின் அளவு எத்தனை சதுர அடி, எந்த அடுக்கில் வருகிறது, புது வரி எவ்வளவு என்று அவரவரே போட்டுப் பார்த்தார்கள். ஒரு மகளிர் குழுவில் பல வருடம் கணக்கெழுதிய அம்மா, எல்லோருக்கும் முன்னால் போட்டு முடித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் போட்டுக் கொடுத்தார். மறுவாரம் அவர் தன் வார்டில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் ரசீதை வாங்கிக் கணக்குப் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார். திட்ட வந்தவர்கள் ரசீதோடு வரிசையில் நின்றார்கள். அவருடைய கணவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியவை. குழு நடத்திய பெண்களுக்கு மினிட் புத்தகம், ரொக்கப் பேரேடு, தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குவது எல்லாம் தண்ணீர் பட்டபாடு. மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் அவர்களை மிரட்டுவதில்லை. எங்களோடு உட்கார்ந்து பொருள் நிரலைப் படித்தபோது ஒரு நகராட்சி உறுப்பினர் ஒரே தெருவின் வடிகால் இரண்டு வேறு பொருளில், இரண்டு வேறு பெயரில் வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். தெருவுக்கு ஒரு பழைய பெயரும் புதுப் பெயரும் இருந்ததால் அது அதிகாரிகளின் கண்ணில் படவில்லை. அங்கேயே குடியிருப்பவருக்கு இரண்டு பெயரும் தெரியும். கூட்டத்தில் எழுந்து கேட்டார், ஒரு பொருளைத் திரும்பப் பெற்றார்கள்.

இனி கணவர்களைப் பற்றி. அவர்களை வில்லன்களாக்கிவிட்டால் என் வேலை நடக்காது, அது நியாயமும் இல்லை. பல வீடுகளில் கட்சிக்காகப் பல வருடம் கொடி கட்டியவர் அவர். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால் மனைவியை நிறுத்தியிருப்பார். தேர்தல் செலவும் அவர் பார்த்ததுதான். "நான் இல்லாட்டி இவ எப்படி டீச்சர் சமாளிப்பா?" என்று என்னிடம் கவலையோடு கேட்டவர்கள் உண்டு. ஆனால் காசு அவர் கையில் இருக்கும்வரை கூட்டத்துக்குப் போவதற்கும் ஆட்டோவுக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். 2023-இல் மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வந்தபோது, அந்தத் தொகை தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பெரிய தொகை இல்லை. ஆட்டோவுக்கும், போனுக்கும், ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் போதும்.

போன் விஷயத்தில் நான் மிகவும் பிடிவாதக்காரி. தனியாக ஒரு எண் வாங்குங்கள், அதை அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், வார்டில் பெயர்ப் பலகை வைத்தால் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள் என்பேன். ஒரு நகராட்சிப் பெண் உறுப்பினர் இதைச் செய்தார். அப்படியும் உதவிப் பொறியாளர் பழைய எண்ணுக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் நேரிலேயே போய்க் கேட்டிருக்கிறார்.

"சார், எனக்கு ஏன் போன் பண்ண மாட்டேங்கிறீங்க?"

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே மேடம்."

"அண்ணன் கூட்டத்துல கையெழுத்துப் போட மாட்டாரு சார். நான்தான் போடணும். எனக்குச் சொல்லுங்க, அவருக்கு நான் சொல்லிக்கிறேன்."

இதை அவர் வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் இரண்டு எண்ணுக்கும் கூப்பிட்டார்களாம். பிறகுதான் அவருடைய எண்ணுக்கு மட்டும் வர ஆரம்பித்தது. தனிப்பட்ட ஒரு பெண் நேரில் போய்ச் சண்டை போட்டு வாங்குகிற விஷயமாக இது இருக்கக் கூடாது. ஒவ்வொரு நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலும் உறுப்பினரின் சொந்த எண் மட்டும்தான் பட்டியலில் இருக்க வேண்டும், தகவல் அந்த எண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். செலவே இல்லாத காரியம்.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று. மக்கள் முன்னால் உட்கார்ந்து கவுன்சிலரே பேச வேண்டிய இடம் அது, கணவர் மைக் பிடிக்க முடியாது. எனக்கு அதில் நிறைய நம்பிக்கை இருக்கிறது. அதை வருடத்தில் ஒரு சடங்காக முடித்துவிடாமல் முறையாக நடத்தினால், எங்கள் வகுப்பு செய்வதைவிட அதிகமாக அது செய்யும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் கவுன்சிலர் என்றாலே தண்ணீர், குப்பை, பள்ளிக்கூடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தண்ணீர் பெரிய விஷயம்தான். முல்லைப் பெரியாறு நீரைத் தேனி மாவட்டம் லோயர் கேம்பில் இருந்து குழாயில் கொண்டுவரும் திட்டத்துக்காக மதுரைத் தெருக்கள் தோண்டப்பட்டபோது ஏச்சு வாங்கியதும், பள்ளத்தை மூட வைத்ததும் இந்தப் பெண்கள்தான். அதற்காக அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. கட்டட அனுமதி, வரி, ஏலம், கடை வாடகை, கணக்கு என்று பணம் புழங்கும் குழுக்களிலும் அவர்கள் படித்துவிட்டுப் பேச வேண்டும். வகுப்பில் இப்போது நாங்கள் அதிக நேரம் செலவிடுவது பட்ஜெட்டைப் படிப்பதில்தான்.

2022-இல் பதவியேற்றவர்களின் ஐந்து வருடம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதற்குப் பிறகு வார்டுகளின் ஒதுக்கீடு மாறலாம். வேலையைக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணின் வார்டு பொது வார்டானால், அடுத்த நாளே கட்சிக்காரர்கள் அவருடைய கணவரைத் தேடிப் போவார்கள், இல்லை வேறொரு ஆணை. பொது வார்டில் பெண் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மரத்தடியில் வரிக் கணக்குப் போட்டாரே அந்த அம்மா, வார்டு எதுவாக மாறினாலும் விருப்ப மனு கொடுக்கப்போவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். கட்சி மாவட்ட அலுவலகத்தில் மனு வாங்குகிறவர்கள் அவரிடம் "வீட்டுக்காரர் என்னம்மா சொல்றாரு?" என்று கேட்காமல், வார்டில் என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கிறது.