களஞ்சியத்துக்கு வெளியே

சிம்மக்கல் பக்கத்து அச்சகங்களுக்கும் கணக்கு அலுவலகங்களுக்கும் கணினி பராமரிப்பதுதான் என் பிழைப்பு. பாதிப் பேர் லைசென்ஸ் செலவுக்குப் பயந்து டெபியன் என்ற இலவச லினக்ஸுக்கு மாறியவர்கள். புதிதாக எதைப் போட்டாலும் "வைரஸ் வராதுல்ல?" என்பார்கள். எனக்கோ அது எந்த வழியாக வருகிறது, நாளைக்கு அதன் அப்டேட்டை அனுப்பப் போவது யார் என்பதுதான் முக்கியம்.

டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் அதன் சர்வரில், இருந்தால் அதிகம் யோசிப்பதில்லை. டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாவிட்டால், அங்கிருந்து இறக்கி நிறுவும் ஏபிடி என்ற கருவியே மறுத்துவிடும். தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, லிப்ரெஆபிஸ், படம் வரையும் இங்க்ஸ்கேப் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. முகூர்த்த மாதத்துப் பத்திரிகை வேலைக்கு அது தாராளம்.

வெளியிலிருந்து இறக்கும் டெப் கோப்புதான் (டெபியனுக்கான நிறுவல் பொதி) தலைவலி. நிறுவும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமையோடு, ஓடும். ஓர் அச்சகத்தில் பிரிண்டர் டிரைவர் என்று ஒன்றை இறக்கி வைத்திருந்தார்கள். நிறுவாமல் பிரித்து, நிறுவி முடிந்ததும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டை மட்டும் படித்தேன். டிரைவரை வைத்த கையோடு, ஏபிடியின் பட்டியலில் தன் களஞ்சியத்தையும் சேர்க்கும்படி எழுதியிருந்தது. அந்த ஒரு வரி இருந்தால் போதும், இனி ஒவ்வொரு அப்டேட்டிலும் அவர்கள் எந்தப் பொதியையும் அனுப்பலாம். கூரியர்காரருக்குக் கதவைத் திறப்பது சரி, வீட்டுச் சாவியில் ஒன்றையா கொடுத்தனுப்புவோம்? குரோமின் டெப் கோப்பும் தன் களஞ்சியத்தைச் சேர்க்கத்தான் செய்கிறது. அதைத் தெரிந்தேதான் விடுகிறேன்.

"கம்பெனிக்காரன் கொடுத்ததையே சந்தேகப்பட்டா எப்படி தம்பி?" என்றார் முதலாளி.

"கம்பெனியச் சொல்லலண்ணே. நாலு வருஷம் கழிச்சு அந்த சர்வர் யார் கையில இருக்கும்?"

டிரைவரை நிறுவிவிட்டு அந்த வரியை நீக்கினேன்.

அதற்காகக் களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் சுத்தத் தங்கம் என்றும் சொல்ல மாட்டேன். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்தார். பராமரிப்பாளர் பொறுப்பும் கைக்கு வந்தது. அப்புறம் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி இழுப்பதைக் கண்டு ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் 2024 மார்ச்சில் அது அகப்பட்டது. டெபியனில் புதுசு வேண்டும் என்று டெஸ்டிங் என்ற சோதனைப் பதிப்பை வைத்திருந்தவர்கள் வரை அது போய்விட்டது; நிலையான பதிப்புக்கு வரவில்லை. "உங்க டெபியன்ல எல்லாமே பழசு" என்று கேலி செய்பவர்களிடம் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் டிசைனர் பையனுக்குப் புது இங்க்ஸ்கேப் வேண்டியிருந்தது, நியாயமான தேவைதான். பிளாட்ஹப் என்ற ஆப் தளத்தில் எடுத்தோம். அங்கே நான் முதலில் பார்ப்பது, உருவாக்கியவர்களே வெளியிடுகிறார்களா, என்னென்ன அனுமதி கேட்கிறது என்ற இரண்டையும்தான். வேலைக் கோப்புறை போக மற்றதையெல்லாம் பிளாட்சீல் என்ற அனுமதி மாற்றும் கருவியில் மூடிவிட்டு வந்தேன். சாயங்காலமே போன் வந்தது: "அண்ணே, பென்டிரைவ்ல இருக்கற ஃபைல் திறக்கல." சரி, அந்த அடைவையும் திறந்துவிட்டேன். கல்யாண வீட்டுக்காரர்கள் பென்டிரைவில்தானே போட்டோ கொண்டுவருகிறார்கள்.