நாக் வந்துபோன கதை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பொருளியல் எடுக்கிறேன். 2022இல் எங்களுக்கு நாக் தரமதிப்பீடு நடந்தது. நாக் (NAAC) என்பது கல்லூரி, பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிட்டு கிரேடு தரும் தேசிய அமைப்பு. மொத்தம் 1000 மதிப்பெண்ணில் கற்றல், கற்பித்தல் பகுதிக்கு மட்டும் 350. ஒழுங்காகப் பாடம் எடுப்பவருக்கு என்ன பயம் என்றுதான் தோன்றும்.

ஆனால் 2017இல் முறை மாறியபின் மதிப்பீட்டில் சுமார் 70 சதவீதம் எண்ணிக்கை சார்ந்ததாக இருந்தது. கல்லூரியே தயாரித்த தன்னாய்வு அறிக்கையை நாக் தளத்தில் ஏற்றியதும் டிவிவி என்று தரவுச் சரிபார்ப்புக் கேள்விகள் வந்தன: கடிதம் எங்கே, கையெழுத்து எங்கே, எடுத்த இடம் பதிந்த ஜியோடேக் போட்டோ எங்கே? நடத்திய கருத்தரங்குக்குக் காகிதம் இல்லையென்றால் அது நடக்கவே இல்லை. மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு மெயிலில் வந்தது; எங்கள் பிள்ளைகளோ வாட்ஸ்அப்பைத் தவிர எதையும் திறப்பதில்லை. வகுப்பு வகுப்பாகப் போய் ஸ்பாம் பெட்டியைத் திறக்கவைத்தோம்.

உருப்படியாகக் கிடைத்தது, ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ஆசிரியர்கள் குறித்துவைக்கும் மென்டார் நோட்டுதான். அதையும் வேண்டாவெறுப்பாகத்தான் எழுதிவந்தோம். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எங்கள் 'ஸ்லோ லேர்னர்' (படிப்பில் பின்தங்கியவர்) பட்டியலில் இருந்தான். இன்டர்னல் தேர்வு எல்லாம் முதல் மணிநேரத்தில்; எழுதும்போதே தூங்கிவிடுவான். நோட்டைப் புரட்டினால் சக ஆசிரியை ஒரு வரி எழுதியிருக்கிறார்: விடியுமுன் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போகிறான். அவனுக்காக நாங்கள் வைத்த சிறப்பு வகுப்போ காலை எட்டரைக்கு! அதை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். தேர்வையும் பிற்பகலுக்குத் தள்ளினோம். அடுத்த தேர்விலேயே பட்டியலைவிட்டு வெளியே வந்தான். பையன் மந்தமில்லை, எங்கள் டைம்டேபிள்தான் மந்தம்.

நாக் நேரில் பார்வையிட அனுப்பும் பியர் டீம் வந்த அன்று இதை விவரமாகச் சொன்னேன். உறுப்பினர் ஒருவர் நோட்டைப் பொறுமையாகவே படித்தார். பிறகு, "நேரத்தை மாற்றியதற்கு சர்க்குலர் இருக்கிறதா?" என்றார். இல்லை. ஸ்டாஃப் ரூமில் பேசி முடித்த விஷயம் அது. நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பை எடுத்தார்.

அடுத்து நாக்குக்குத் தயாராகும் துறைகளுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டாஃப் ரூமில் முடிவானதை அன்றைக்கே மினிட்ஸ் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்த கிரேடு 5 ஆண்டுக்குத்தான், ஆனால் நாக்குக்கு ஆண்டறிக்கை வருஷா வருஷம் போகவேண்டியிருந்தது. அப்போது தேடினால் காகிதம் கிடைக்காது.