நீளம் மட்டும் எழுதவில்லை

பழைய பாஸ்போர்ட் உறையைத் துழாவியபோது ஒரு மியூசியம் டிக்கெட் கிடைத்தது. 2007, நியூயார்க், மோமா. பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: 3.9 × … × 50 × 7.85. நடுவில் புள்ளி வைத்த இடம் காலியாகவே இருக்கிறது.

அந்த வருஷம் அப்பா ஆறு மாதம் என்னோடு தங்க வந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தியவர். டேங்க், ஹாப்பர், சிம்னி. தகட்டை வெட்டி, உருட்டி, வெல்டு பிடித்து, ரெட் ஆக்சைடு அடித்து லாரியில் ஏற்றி விடுவதுதான் வாழ்க்கை. நியூஜெர்சி அபார்ட்மென்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பால்கனிக் கைப்பிடியின் வெல்டிங்கைத் தினமும் தடவிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் மோமாவில் ரிச்சர்டு செர்ராவின் நாற்பதாண்டு வேலைகளைத் திரட்டி ஒரு பெரிய கண்காட்சி.

"இரும்புல சிலை செய்யறவர்ப்பா, வாங்க போகலாம்."

"என்ன சிலை?"

"சிலைன்னு இல்ல. வெறும் தகடு."

"தகட்டையா டிக்கெட் வாங்கிப் பாக்கணும்?"

எனக்கு 20 டாலர், மூத்தவர் என்பதால் அவருக்கு 16. நாலு டாலர் மிச்சம் என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போனேன்.

முதலில் ஆறாவது மாடி. செர்ராவின் ஆரம்ப கால வேலைகள், ரப்பரும் ஈயமும். ரப்பர் எதையும் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1969-இல் செய்த 'ஒன் டன் ப்ராப்' முன்னால்தான் நின்றார். நாலு ஈயத் தகடுகள், ஒவ்வொன்றும் நாலடிக்கு நாலடி, ஒரு அங்குல கனம். சீட்டுக்கட்டில் வீடு கட்டுவதுபோல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. வெல்டு கிடையாது, போல்ட் கிடையாது. மேல் மூலைகள் முட்டிக்கொண்டிருப்பதுதான் பிடிமானம்.

அப்பா உதட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டார். "ஒரு டன்னுன்னா போட்டிருக்கான்? ஈயத்துக்கு அடர்த்தி பதினொன்னே முக்கால்… இல்ல, 11.3. ஒரு தகடே நானூறு கிலோ தாண்டுதே. நாலும் சேத்தா ஒன்றரை டன்னுக்கு மேல வருதே!" விளக்க அட்டையில் இருந்த அளவை நானும் பெருக்கிப் பார்த்தேன். அப்பா சொன்னதுதான் சரி. பெயரை எடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மெட்டீரியல் பில்லில் அப்படிப் போட்டால் பார்ட்டி சும்மா விடுவானா என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதுல யாராவது செத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

போவதற்கு முன் நான் கொஞ்சம் படித்திருந்தேன். 1971-இல் மினியாபொலிஸில் செர்ராவின் வேலை ஒன்றை நிறுத்தும்போது தகடு விழுந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். அதைச் சொன்னேன். அப்பா தலையாட்டினார். எங்கள் பட்டறையில் ஒருமுறை பாரம் தூக்கும் ஸ்லிங் அறுந்து ஒரு பையனின் கால் நசுங்கியதை நான் அறிவேன். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டோம். அன்றும் பேசவில்லை.

இரண்டாவது மாடியில்தான் பெரிய உருப்படிகள். 2006-இல் முடித்த மூன்று: 'பேண்ட்', 'சீக்வென்ஸ்', 'டார்க்டு டோரஸ் இன்வெர்ஷன்'. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 13 அடி உயரம், இரண்டு அங்குல கனம். படங்களில் பார்த்தபோது எனக்கு இவை வளைந்த மதில் மாதிரிதான் தெரிந்தன. நேரில் அப்படி இல்லை. நடக்க நடக்க ஒரு பக்கச் சுவர் தலைமேல் கவிகிறது, பத்தடி போனதும் அதே சுவர் விலகிச் சாய்ந்து வானத்தைத் திறந்துவிடுகிறது. வானம் என்றா சொன்னேன், மியூசியத்தின் வெள்ளைக் கூரைதான். கால் தரையில் நேராக இருக்கிறது, உடம்பு மட்டும் ஒரு பக்கம் போகிறது.

"கப்பல்ல ஏறுன மாதிரி இருக்கும்மா. வயித்தப் பிரட்டுது."

செர்ராவின் அப்பா கப்பல் கட்டும் தளத்தில் பைப் ஃபிட்டர். மகனின் நாலாவது பிறந்தநாளன்று ஒரு கப்பலைத் தண்ணீரில் இறக்குவதைப் பார்க்கக் கூட்டிப்போனாராம். படிப்புச் செலவுக்கு மகன் எஃகு ஆலைகளில் வேலை பார்த்திருக்கிறார். இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது. "அதானே! கை வச்சவன்தான்" என்றார். அதுவரை 'அவன்' என்றால் ஏமாற்றுக்காரன். அதற்கப்புறம் வந்த 'அவன்' வேறு.

ஆனாலும் துருவை அவரால் ஏற்க முடியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடந்த சுவரைப் பார்த்து, "பிரைமராவது அடிச்சிருக்கலாம்" என்றார். இது செம்பு, குரோமியம் கலந்த எஃகு, மேலே படியும் துருவே உள்ளே போகாமல் காக்கும், சில வருஷத்தில் கருத்து அடங்கிவிடும் என்றேன். "தெரியும், கார்ட்டன். எங்கிட்ட கேக்காதே" என்று சொல்லிவிட்டு, விரலை மடக்கிச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். சத்தமே வரவில்லை. காவலர் வந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, அப்பா அந்த மனிதரிடம் தமிழிலேயே, "ஐம்பது எம்.எம்., திடமான பிளேட்டு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அவரைக் குடைந்த கேள்வி வேறு. இதை எப்படி உருட்டினான்? சிலிண்டர் இல்லை, கோனும் இல்லை. காபி குடிக்க உட்கார்ந்தபோது மியூசியம் வரைபடத்தில் ஒரு பட்டையைக் கிழித்தார். முனைகளைச் சேர்த்து வளையமாக்கினார். கீழ் விளிம்பை ஒரு கையால் நீளவாக்கில் முட்டை வடிவமாக அமுக்கி, மேல் விளிம்பை இன்னொரு கையால் குறுக்குவாக்கில் அமுக்கினார். காகிதம் முறுக்கிக்கொண்டு நின்றது. தோட்டத்தில் நாங்கள் பிறகு பார்த்த 'டார்க்டு எலிப்ஸ் IV' அச்சு அசல் அதுதான்.

செர்ரா இந்த யோசனைக்கு வந்த கதை எனக்குப் பிடிக்கும். ரோமில் பொர்ரோமினி கட்டிய சான் கார்லோ தேவாலயத்துக்குள் ஓரத்தில் நின்று பார்த்தபோது, தரையின் நீள்வட்டமும் கூரையின் நீள்வட்டமும் ஒன்றுக்கொன்று திரும்பியிருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. நடுவுக்கு வந்து பார்த்தால் அப்படி இல்லை. கண் தப்பாகப் பார்த்ததையே செய்து பார்க்கலாம் என்று இறங்கிவிட்டார். இரண்டு மர நீள்வட்டங்களை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் கோணம் மாற்றிப் பொருத்தி, அதன்மேல் ஈயத் தாளைச் சுற்றி மாதிரி எடுத்தார். பிறகு பல ஆலைகள் முடியாது என்று கைவிரிக்க, மேரிலாந்தில் ஸ்பாரோஸ் பாயின்ட் கப்பல் தளத்திலிருந்த ஒரு பழைய வளைக்கும் மெஷினில் முதல் எலிப்ஸ்கள் உருவாகின. மோமாவில் இருந்த 2006-ஆம் ஆண்டு உருப்படிகளை உருட்டியது ஜெர்மனியில், ஸீகனில்.

"மெஷின் ஆப்பரேட்டர் பேர் எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார் அப்பா. விளக்க அட்டையில் இல்லை.

தோட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில். 'இன்டர்செக்‌ஷன் II' எனக்கு ஒட்டவில்லை. சுற்றிலும் கட்டடங்கள் நிற்கும்போது இரும்பு சின்னதாகிவிடுகிறது.

அப்பா மறுபடியும் இரண்டாவது மாடிக்குப் போக வேண்டும் என்றார். 'சீக்வென்ஸ்' எத்தனை டன் என்று தெரிந்தாக வேண்டுமாம். மீட்டரில் உயரமும் நீளமும், மில்லிமீட்டரில் கனம், எஃகின் அடர்த்தி 7.85, பெருக்கினால் கிலோ. இரும்பு வேலைக்காரர்களின் வாய்ப்பாடு. உயரம் 3.9 மீட்டர், கனம் 50 மில்லிமீட்டர். மீட்டருக்கு ஒன்றரை டன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். நீளம்தான் பாக்கி. சுவரை ஒட்டிக் காலடி எண்ணிக்கொண்டே உள்ளே போனார். இரண்டு சுருள்கள், எஸ் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிற்பம் அது. ஒன்றுக்குள் போனால் இன்னொன்றின் வழியாகத்தான் வெளியே வர முடியும். நான் வெளியே காத்திருந்தேன். எதிர்பார்த்த வாயில் வழியாக வரவில்லை, என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"தொண்ணூத்தி நாலு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் நான் எந்தப் பக்கத்துச் சுவரை எண்றேன்னே தெரியல."

'சீக்வென்ஸ்' பிறகு ஸ்டான்ஃபோர்டுக்கும் அங்கிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ நவீன கலை மியூசியத்துக்கும் போனது. செர்ரா 2024 மார்ச்சில் இறந்தார். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

'சீக்வென்ஸ்' எடை 200 டன்னுக்கு மேல் என்கிறார்கள், அமெரிக்க டன், ஒன்றுக்குச் சுமார் 907 கிலோ. டிக்கெட்டைத் திருப்பிவைத்துக்கொண்டு கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். நீளம் 120 மீட்டருக்குக் குறையாது. அப்பாவின் ஒரு காலடி 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் 171 காலடி வரும். 94-இல் அவர் பாதி தாண்டியிருக்கிறார்.